நோயுற்றார்க்குக் கைகொடுத்தலும் திருத்தொண்டே

ஆலய அறங்காவலர் ஒருவர்
(ஓய்வுநிலை அரசாங்க எழுதுவினைஞர்)

சிவமயம்

ஆண்டுமலர் என்றால் ஆலய வரலாறு, மூர்த்தி தலம் தீர்த்தச் சிறப்பு, விரத மகிமை என்பன இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுத என்னிலும் கற்றறிந்த பெரியோர் பலர் எம்மிடையே இருக்கின்றனர். நானோ முப்பது வருடத்துக்கு மேல் கோவைகளோடும் கடிதங்களோடும் காலம் கழித்தவன். ஆதலால் எமது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததும், ஆனால் எவரும் வாய்விட்டுக் கதைக்காததுமான ஒரு விடயத்தை அடியார்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

அது புற்றுநோய். அந்தச் சொல்லைக்கூட நாங்கள் சொல்வதில்லை. ‘அந்த வருத்தம்’ என்போம். ‘பெரிய வருத்தமாம்’ என்போம். தேர்முட்டிக்குப் பக்கத்தில் நின்று கதைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம். நாங்கள் குரலைத் தாழ்த்துவதைப் பார்த்து அந்த வீட்டார் படலையைச் சாத்திக்கொள்கின்றனர். நோயின் வேதனை ஒரு பக்கம், ஊருக்கு மறைக்கும் வேதனை இன்னொரு பக்கம் என்று அக்குடும்பம் இரண்டு சுமையைச் சுமக்கின்றது. முதலாவது சுமையை இறக்க வைத்தியர்கள் இருக்கின்றனர். இரண்டாவது சுமையை இறக்க வேண்டியவர்கள் நாங்களே. இதைப் பற்றி எமது சமயம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம்.

அப்பர் பெருமானின் சூலை நோய்

பெரியபுராணத்தைக் கோயிலில் புராணபடனமாகக் கேட்டு வளர்ந்த எங்களுக்குத் திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாறு புதியதன்று. திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் திலகவதியார் மூத்த மகளாகவும் மருள்நீக்கியார் இளைய மகனாகவும் பிறந்தனர். தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர். திலகவதியாருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பி அழுத அழுகைக்காக உயிர் தாங்கினார். அந்தத் தம்பியே பின்னர் சமண சமயம் சார்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்துப் பள்ளியில் பெருமதிப்புடன் வாழ்ந்தார். அங்கே அவரைக் கொடிய சூலை நோய் பற்றியது. உடனிருந்தோர் தமக்குத் தெரிந்த பரிகாரங்களை எல்லாம் செய்தனர், நோய் தணியவில்லை. அப்போது தமக்கையார் நினைவு வந்தது.

இதன்பின் நடந்தவற்றைச் சேக்கிழார் சுவாமிகள் மிக நுணுக்கமாகச் சொல்கின்றார். இறைவன் நோயைத் தீர்த்த அற்புதத்தையே நாங்கள் எப்போதும் பெரிதாக எடுத்துச் சொல்கின்றோம். அந்த அற்புதத்துக்கு முன்னே மனிதர் செய்த நான்கு காரியங்கள் இருக்கின்றன. இன்றைய எமது தேவைக்கு அவையே பாடம்.

முதலாவது, நோயாளரிடம் செய்தி கொண்டுபோக ஒருவர் இருந்தார். அவர் பண்டிதரும் அல்லர், பதவி உள்ளவரும் அல்லர்; அவருக்கு உணவாக்கிக் கொடுத்தவர். அவரே திருவதிகைக்கு நடந்து, திலகவதியாரைக் கண்டு, தம்பியின் நிலையைச் சொன்னார்.

இரண்டாவது, அம்மையார் பள்ளிக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பியதும், நோயாளரே தமக்கையை நாடிப் புறப்பட்டார். தனியே நடக்க வலுவில்லை. வெண்ணிற ஆடை உடுத்து, கைகொடுத்தவர்களை ஊன்றிக்கொண்டு, எவரும் காணாதபடி இரவிலே நடந்தார் என்கின்றார் சேக்கிழார். அந்தக் கையைக் கொடுத்தவரின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. அறுபத்துமூவர் திருவீதியுலாவில் அவருக்குத் திருவுருவம் இல்லை. ஆனால் அந்தக் கை இல்லாதிருந்தால் அன்றிரவு மருள்நீக்கியார் திருவதிகைக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

மூன்றாவது, தமக்கையாரின் வாசல். ‘என்னைத் தனியே விட்டுப் போனவன் இப்போது ஏன் வந்தாய்’ என்று அம்மையார் கேட்கவில்லை. காலில் விழுந்தவரை எழுப்பினார். திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார்.

நான்காவது, நோயுற்ற தம்பியை வீட்டின் ஒரு மூலையில் படுக்க வைத்துவிட்டு அவர் போகவில்லை. திருப்பள்ளியெழுச்சிக்கு முன் திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தாம் தினமும் செய்யும் தொண்டுக்குப் போகும் வழியிலேயே தம்பியையும் ஆலயத்துக்கு உடன் அழைத்துச் சென்றார். அங்குதான் வீரட்டானேசுவரரின் திருமுன் பதிகம் பிறந்தது, நோயும் தீர்ந்தது.

செய்தி சொல்ல ஒருவர், ஊன்றிக்கொள்ள ஒரு கை, குறை கேட்காத ஒரு வாசல், கூட அழைத்துச் செல்லும் ஒரு கோயில். ஒரு நோயாளருக்கு ஊரிடமிருந்து வேண்டியவை இந்த நான்குமே. இவ்வாறு ஒருவர் கையை ஊன்றி நடந்தவரே பின்னர் உழவாரப்படையைத் தம் கையில் ஏந்தி, சரியைத் தொண்டுக்கு வழிகாட்டியாக விளங்கினார் என்பதை அடியார்கள் சிந்திக்க வேண்டும்.

இது வினைப்பயனா?

நோயாளரைப் பார்க்கப் போகும் சிலர் ‘எல்லாம் வினைப்பயன்’ என்று சொல்லிவிட்டு வருகின்றனர். அவர்கள் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆயினும் படுக்கையில் கிடப்பவர் காதில் அது ‘நீ செய்ததை நீ அனுபவிக்கின்றாய்’ என்றே விழுகின்றது.

வினைக் கொள்கை சைவ சித்தாந்தத்தின் தூண்களில் ஒன்று. பிராரத்தம் உடல்வழியே வந்து அனுபவித்துக் கழியும் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கொள்கை ஒவ்வொருவரும் தத்தம் வாழ்க்கையைப் பார்த்துத் திருந்துவதற்காகப் பெரியோர் தந்தது. அயலவன் வீட்டுக் கணக்கை நாங்கள் எழுதுவதற்குத் தரப்பட்டதன்று. அந்தக் கணக்குப் புத்தகம் இறைவனிடம் மாத்திரமே உண்டு. நான் பல வருடம் பேரேடு எழுதியவன். எனக்குப் பொறுப்பில்லாத பேரேட்டில் பேனையை வைக்கக் கூடாது என்பது அலுவலகத்தில் படிக்கும் முதற்பாடம்.

அன்றியும், சூலை நோய் அப்பர் பெருமானுக்குத் தண்டனையாக வரவில்லை. அவரை ஆட்கொள்ளவே வந்தது என்கின்றது புராணம். ஒருவருக்கு வந்த நோய் எதற்காக வந்தது என்று தீர்ப்புச் சொல்ல எங்களால் இயலாது. அந்த நோயைக் கண்டபின் நாங்கள் என்ன செய்தோம் என்பதோ எங்கள் வினையில் எழுதப்படும். அங்கேதான் எமக்குப் பொறுப்பு உண்டு.

சிலர் இது தொற்றும் என்று பயந்து அந்த வீட்டில் தேநீர்கூடக் குடிப்பதில்லை. புற்றுநோய் ஒரு கோப்பையில் குடிப்பதாலோ, பக்கத்தில் இருப்பதாலோ, தொட்டுத் தூக்குவதாலோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. இன்னும் சிலர் சம்பந்தம் பேசும் காலத்தில் ‘அந்தக் குடும்பத்தில் இந்த வருத்தம் இருக்குது’ என்று விலகுகின்றனர். பரம்பரையாகத் தொடரும் புற்றுநோய்கள் சில உண்டுதான். ஆனால் மிகப் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று பயந்து மார்பில் கட்டியை மாதக்கணக்கில் மறைத்த தாய்மார் எங்கள் மண்ணில் உண்டு. அந்த மாதங்களில்தான் நோய் பரவுகின்றது. அவர்களை மறைக்க வைத்தது எங்கள் வாய் என்பதை நாங்கள் உணர வேண்டும்.

ஊர் கூடியதை மறந்துவிட்டோமா?

நாங்கள் இரக்கமில்லாத மக்கள் அல்லர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழையில் நனைந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததை இதை வாசிக்கும் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் முகம் தெரியாத மக்கள் எங்களுக்குக் கதவு திறந்தார்கள். ஒரு வீட்டில் பல குடும்பங்கள் இருந்தோம். ஒரு கிணற்றில் அள்ளினோம், ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைத்தோம். ஊருக்கே வந்த துன்பத்தில் ஊர் கூடத் தெரிந்தவர்கள் நாங்கள்.

ஆனால் புற்றுநோய் ஊருக்கு ஒன்றாக வருவதில்லை. ஒவ்வொரு வீடாக வருகின்றது. அதனால் அது அந்த வீட்டின் துன்பம் என்று நினைத்துவிடுகின்றோம். எல்லோருக்கும் வந்த துன்பத்தில் கூடியவர்கள், ஒருவருக்கு வந்த துன்பத்திலும் கூட வேண்டும். இதுவே நான் இக்கட்டுரையில் சொல்ல வந்த ஒரே விடயம்.

கூடினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் தொலைவில் இல்லை. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தொடக்கமே 1850ஆம் ஆண்டில் ஏழை நோயாளருக்காக ‘பிரண்ட் இன் நீட் சொசைட்டி’ என்ற உதவிச் சங்கம் நடத்திய வைத்தியசாலைதான். அக்காலத்தில் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையின் முயற்சியால் அது உருவானது. துன்பத்தில் உதவும் நண்பர் சங்கம் என்பதே அப்பெயரின் பொருள்.

சென்னைக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்காகச் சென்ற எம்மவர்கள் அடையாறு நிலையத்தை அறிவார்கள். டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கம் அம்மையாரின் மனத்தை விட்டு அகலவில்லை. பெண்கள் சங்கத்தைக் கொண்டு நிதி திரட்டி, 1954இல் பன்னிரண்டு கட்டில்களுடன் அவ்வைத்தியசாலையைத் திறக்கச் செய்தார். மறுவருடம் அங்கே சேர்ந்த டொக்டர் சாந்தா அம்மையார், 2021இல் காலமாகும் வரை அதற்கே தம்மை அர்ப்பணித்தார். தம்பிக்காக உயிர் தாங்கிய தமக்கையைப் புராணத்தில் கண்டோம். தங்கையை இழந்து, பிறர் வீட்டுத் தங்கையரைக் காத்த தமக்கையை எமது காலத்துக்கு அண்மையில் காண்கின்றோம்.

எங்கள் குடாநாட்டிலேயே இன்னுமொரு சான்று இருக்கின்றது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் மரபு எங்களுக்கு உண்டு. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அதற்கு எதிர்த்திசையில் ஒரு நடை நடந்தது. நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவே என்ற இருவர் முன்னின்று, தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையிலிருந்து எங்கள் பருத்தித்துறை வரை 27 நாட்களில் ஏறக்குறைய 670 கிலோமீற்றர் தூரம் நடந்தனர். வழிநெடுகிலும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பேதமில்லாமல் மக்கள் கூட நடந்தனர், கையிலிருந்ததைக் கொடுத்தனர். ‘ட்ரெயில்’ என்ற அந்த நடையில் சேர்ந்த நிதியில் எழுந்ததே 2013இல் திறக்கப்பட்ட தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. 2016இல் இதே நடை பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அது காலி கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காக.

முன்னர் எம்மவர்கள் மகரகமவுக்கே போக வேண்டியிருந்தது. பாதை பூட்டியிருந்த காலங்களில் அனுமதி எடுத்து, கப்பலுக்குக் காத்திருந்து, மொழி தெரியாத இடத்தில் தங்கிய துன்பத்தை அனுபவித்தவர்கள் அறிவர். அத்துன்பத்தின் பெரும்பகுதி இன்று குறைந்திருக்கின்றது. முகம் தெரியாதவர்கள் எங்களுக்காக நாடு முழுவதும் நடந்திருக்கின்றனர். எங்கள் ஒழுங்கையில் உள்ள நோயாளரைத் தெல்லிப்பழை வரை கூட்டிக்கொண்டு போக நாங்கள் நடக்க மாட்டோமா?

இந்தக் கேள்விக்குக் கேரள மக்கள் பதில் சொல்லியிருக்கின்றனர். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் ராஜகோபால், டொக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் சிலருடன் சேர்ந்து, வலி தணிக்கும் சிறிய கிளினிக் ஒன்றைத் தொடங்கினர். நடக்க முடியாதவர்கள் கிளினிக்குக்கு வர முடியாது என்பது விரைவில் தெரிந்தது. அதனால் 2000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் அயலவர்களையே பயிற்றி, வீட்டுக்கு வீடு போகும் ஒழுங்கை உண்டாக்கினர். ஆசிரியர், கடைக்காரர், ஓட்டோச் சாரதி, மாணவர் என்று பலரும் சேர்ந்தனர். ஒரு தொண்டரிடம் கேட்கப்பட்டது கிழமையில் இரண்டு மணித்தியாலம் மாத்திரமே. ஊர் மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்திலேயே பெரும்பகுதி வேலை நடந்தது. 2008இல் கேரள அரசாங்கம் அதைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. கிழமையில் இரண்டு மணித்தியாலம் என்பது எங்கள் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்து போகும் நேரந்தான்.

ஆலயம் செய்யக்கூடியது

எமது ஆலயங்களுக்குச் சமூகப்பணி புதியதன்று. தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தில், 2008இல் சிவபதமடைந்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்து, அர்ச்சனைக் காசு அறமாக மாறும் என்று காட்டினார். செல்வச்சந்நிதியில் பசித்து வந்தவர் எவரும் பசியோடு திரும்புவதில்லை. நாங்கள் சிறிய ஊர், சிறிய கோயில். எங்கள் அளவுக்கு ஏற்றதைச் செய்யலாம்.

புதிதாக ஒரு சங்கம் தொடங்கித் தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு செய்வதில் எனக்கு விருப்பமில்லை. அதற்கே ஆறு மாதம் போய்விடும். எங்களிடம் ஏற்கெனவே ‘உபயம்’ என்ற நல்ல முறை இருக்கின்றது. திருவிழா ஒவ்வொன்றுக்கும் உபயகாரர் உண்டு. தங்கள் முறை வரும் நாளை எவரும் மறப்பதில்லை. வெளிநாட்டிலிருந்தும் வந்து நிற்கின்றார்கள். அந்த முறையையே நோயாளருக்கும் நீட்டும்படி பரிபாலன சபையையும் அடியார்களையும் கேட்டுக்கொள்கின்றேன்.

ஒன்று, போக்குவரத்து உபயம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமே. ஆனால் அங்கே போய் வருவது இலவசமல்ல. மருந்து ஏற்றுவதற்குப் பல தடவையும், கதிர்ச் சிகிச்சை என்றால் பல கிழமை தொடர்ந்தும் போக வேண்டி வரும். கூலிவேலை செய்யும் குடும்பம் ஓட்டோக் கூலிக்கே கடன்படுகின்றது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், எமது ஊரில் ஒருவர் தமது கிழமைப் பங்குப் பெற்றோலை அயல்வீட்டு நோயாளரின் பயணத்துக்குக் கொடுத்துவிட்டுத் தாம் சைக்கிளில் திரிந்தார். அவர் அதை எவருக்கும் சொல்லவில்லை. அது அம்பாளுக்குச் செய்த உபயத்திற் குறைந்ததென்று நான் நினைக்கவில்லை.

இரண்டு, துணை உபயம். கிளினிக்கில் காத்திருக்கும் நேரம் நீண்டது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் வைத்தியர் சொன்னதைக் கேட்டு நினைவில் வைக்கலாம். மருந்துத் துண்டைக் காட்டி மருந்து எடுக்கலாம். மயக்கம் வந்தால் தாங்கலாம். இதுவே புராணம் சொன்ன ‘கை’. இரத்ததானமும் இதில் அடங்கும்.

மூன்று, சாப்பாட்டு உபயம். மருந்து ஏற்றிய சில நாட்களுக்குச் சிலருக்கு வாய் புண்ணாகும், மணமே பிடிக்காது. உறைப்பில்லாத கஞ்சி, பதமான சோறு என்று அவரைக் கேட்டு, வைத்தியர் சொன்னபடி, சுத்தமாகச் சமைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் மடப்பள்ளி அன்னதான நாளில் மாத்திரம் புகைய வேண்டும் என்ற விதி இல்லை. தாய் வைத்தியசாலையில் இருக்கும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பிட்டுப் போனார்களா என்று பார்ப்பதும் இதன் பகுதியே.

நான்கு, எழுத்து உபயம். இது என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்கு உரியது. சமூக சேவைத் திணைக்களத்தின் உதவிப்பணம், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி போன்றவை இருந்தும் பலர் விண்ணப்பிப்பதில்லை. 2025ஆம் ஆண்டு முதல் ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பத்தைக் கொழும்புக்குப் போகாமல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். படிவத்தில் ஒரு கூடு நிரப்பாமல் விடுபட்டாலும் கோவை திரும்பி வந்துவிடும் என்பது அந்தக் கோவைகளைத் திருப்பி அனுப்பிய எனக்கு நன்றாகத் தெரியும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வைத்திய அறிக்கை, வங்கிப் புத்தகப் பிரதி என்பவற்றை ஒழுங்காகச் சேர்த்து அனுப்ப நாங்கள் சிலர் இருக்கின்றோம். வெள்ளிக்கிழமைகளில் பூசை முடிந்தபின் ஆலய அலுவலகத்தில் என்னைக் காணலாம்.

இவற்றுக்கு நான்கு கட்டுப்பாடுகள் இருக்க வேண்டும். நோயாளரின் சம்மதம் இன்றி எதுவும் செய்யக் கூடாது. அவர் பெயரை ஒலிபெருக்கியிலோ அறிவித்தற் பலகையிலோ சொல்லக் கூடாது. உதவி கொடுப்பதைப் படம் பிடித்து முகநூலில் போடக் கூடாது. சாதி, பகுதி, கோயிலுக்கு வருபவரா வராதவரா என்று பார்க்கக் கூடாது. இராசகோபுரத்துக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் அள்ளித் தரும் புலம்பெயர்ந்த உறவுகள், திருவிழாவில் மேலதிகமாகப் பிடிக்கும் ஒரு மேளக் கூட்டத்தின் செலவை இதற்குத் தந்தாலே ஒரு வருடம் ஓடும். மேளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு கூட்டம் வாசித்தாலும் அம்பாள் வீதிவலம் வருவாள்.

பார்க்கப் போகும்போது

பணம் இல்லாதவரும் செய்யக்கூடிய தொண்டு, போய்ப் பார்ப்பது. ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. போவதற்கு முன் கேட்டுவிட்டுப் போக வேண்டும். சிகிச்சைக் காலத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். ஆதலால் தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் போகாமல் இருப்பதே அன்பு. இதே வருத்தத்தில் இறந்தவர்களின் கதையை அங்கே சொல்லக் கூடாது. ‘ஊசியை விட்டுவிட்டு இந்த இலையை அவித்துக் குடி, சுகமாகும்’ என்று சொல்லவே கூடாது. அதைக் கேட்டுச் சிகிச்சையை இடையில் நிறுத்தினால் அதன் பாவம் யாருக்கு? திருநீறும் நேர்த்தியும் மனத்துக்குப் பலம். அவை மருந்துக்கு எதிரானவை அல்ல. இரண்டையும் சேர்த்துக் கொண்டு போக வேண்டும்.

சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் பேசாமல் பக்கத்தில் இருக்கலாம். கோயிலில் என்ன விசேடம், தோட்டத்தில் வெங்காயம் எப்படி என்று வழமையான கதையைக் கதைக்கலாம். நோயாளர் எப்போதும் நோயைப் பற்றியே கேட்க விரும்புவதில்லை.

மருந்தினால் முடி கொட்டிய பெண்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுகின்றனர். எங்கள் கோயில்களில் நேர்த்திக்காக முடி கொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றனர். அவர்களை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. அந்தத் தலையைப் பார்க்கும் கண்ணாலேயே இந்தத் தலையையும் பார்த்தால் போதும். அவர்கள் வந்தால் இடம் விட்டு இருத்துங்கள். ஒரு கதிரையைப் போடுங்கள். திலகவதியார் தம்பியை ஆலயத்துக்கு அழைத்துச் சென்றது போல நாங்களும் அழைத்து வருவோம்.

நோயாளரைப் பராமரிப்பவரையும் மறக்கக் கூடாது. பெரும்பாலும் அது மனைவி, மகள் அல்லது தாய். இரவில் நித்திரை இல்லை, பகலில் அடுப்பும் வேலையும். ‘அவருக்கு எப்படி’ என்று கேட்பவர்கள் ‘உனக்கு எப்படிப் பிள்ளை’ என்று கேட்பதில்லை. அவர் இரண்டு மணித்தியாலம் கண்ணயர நாங்கள் ஒருவர் அங்கே இருந்தால் அதுவும் உபயமே.

வருமுன் காத்தல்

இதையும் கோயில் மலரில் எழுதத்தான் வேண்டும். இலங்கையில் ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் முதலிடத்தில் உள்ளன. வாய்ப் புற்றுநோய்க்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுதலும் சுருட்டு, சிகரெட், மதுவும் முக்கிய காரணங்கள். பாக்கு மாத்திரமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியிருக்கின்றது. எங்கள் செம்மண்ணில் விளைந்த புகையிலைக் காசில் படித்து ஆளானவர்கள் எம்மில் பலர். அந்த நன்றி வேறு, அதை வாயில் அடக்குவது வேறு. தாம்பூலம் மங்கலப் பொருள். தட்டில் வைத்து வழிபடுவதற்கு எவரும் தடை சொல்லவில்லை. வாய்க்குள் நாள் முழுதும் வைத்திருப்பதே கேடு.

வாயில் மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்கக் கடினம், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு என்பன இருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் போக வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் போய்ப் பரிசோதித்துக்கொள்ளலாம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017ஆம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படுகின்றது. பெற்றோர் மறுக்காமல் சம்மதிக்க வேண்டும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சுகமாகும் புற்றுநோய்கள் பல. சுகமாகி எங்களோடு தேர் வடம் பிடிப்பவர்களும் இருக்கின்றனர்.

வைத்தியம் முடிந்தாலும்

எல்லோருக்கும் நோய் மாறுவதில்லை. ‘இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்று வைத்தியர் சொல்லும் நாள் சிலருக்கு வருகின்றது. அன்றோடு எங்கள் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அன்றுதான் அது தொடங்குகின்றது.

இங்கிலாந்தில் சிசிலி சோண்டர்ஸ் என்ற அம்மையார், தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் வைத்தியரானவர். மாறாத நோயுற்றவர்களுக்காக 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கினார். நோயாளரின் வலி உடலில் மாத்திரம் இல்லை. மனத்திலும், குடும்பக் கவலையிலும், ஆன்மாவின் கேள்விகளிலும் இருக்கின்றது என்பது அவரின் போதனை. உடல்வலிக்கு நல்ல மருந்துகள் உள்ளன. மோர்பின் என்றால் பயந்து மறுக்கின்றவர்கள் உண்டு. வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும்போது அது வேதனையைத் தணிக்கும். அதை உயிரைப் போக்கும் மருந்தென்று எண்ணி நோயாளரைத் துடிக்க விடுவது பக்தியும் அல்ல, வைராக்கியமும் அல்ல.

மற்ற மூன்று வலிகளுக்கும் மருந்து ஊரிலேதான் இருக்கின்றது. கடன் தீர ஒரு வழி, பிள்ளையின் படிப்புக்கு ஒருவர் சொல்லும் உறுதி, மனம் விட்டு அழ ஒரு தோள், படுக்கையருகே மெல்லிய குரலில் ஒரு தேவாரம். ஒரு அடியவர் நடக்க முடியாமல் கிடந்தால், தேர்த்திருவிழா அன்று அவர் வீட்டுப் படலையடியில் தேரைச் சிறிது நேரம் தரிக்கச் செய்யலாமே. வீட்டு வாசலுக்கு வந்தருளும் அம்பாளுக்கு அது பெரிய காரியமன்று. இழுக்கும் எங்களுக்கும் இரண்டு நிமிடந்தான்.

இறந்த வீட்டுக்கு நாங்கள் எல்லோரும் போகின்றோம். பந்தல் போடுகின்றோம், எட்டுச் செலவு வரை கூட நிற்கின்றோம். அது எமது ஊரின் சிறப்பு. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் ஆறு மாதம் முன்னதாக, அவர் கண் திறந்திருக்கும்போதே அந்தப் படலையைத் திறந்து போனால் எவ்வளவு நல்லது!

ஆகவே அடியார்களே, இவ்வருடத் திருவிழா நிறைவெய்தும் இவ்வேளையில், ஒவ்வொரு வீட்டாரும் கிழமையில் இரண்டு மணித்தியாலத்தை அம்பாளின் பெயரால் ஒதுக்கிவைக்க வேண்டுகின்றேன். பணமாக, பயணமாக, சமையலாக, எழுத்தாக, பக்கத்தில் இருக்கும் துணையாக, எதுவாக இருந்தாலும் சரி. அன்றிரவு திருவதிகைக்கு நடந்தவருக்குத் தோள் கொடுத்தவரின் பெயர் எவருக்கும் தெரியாது, இறைவனுக்குத் தெரியும். எமது பெயரும் அப்படியே இருக்கட்டும்.

நோயுற்றோர் நோய் நீங்கவும், நீங்காதோர் வேதனை தணியவும், அவர்களைப் பராமரிப்போர் கை சோராதிருக்கவும், எமதூர்ப் படலைகள் ஒருவருக்கொருவர் திறந்திருக்கவும் எல்லாம் வல்ல அம்பாளின் திருவருளை வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்